எட்டுக் கவுன்களின் பக்கத் தையல்

குண்டூசி டீச்சர் என்பது மாணவியர் எனக்கு இட்ட பெயர். தைக்கும்பொழுது உதடுகளுக்கிடையே நான்கைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொள்வது என் வழக்கம். துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டமாட்டேன்; வாரந்தோறும் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவேன். பள்ளியில் முப்பத்தோராண்டுகள் தையல் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், முன்னறையில் இயந்திரத்தைப் போட்டுக் காத்திருந்தேன். ஏழு மாதங்கள் ஒருவரும் வரவில்லை.

கூலி கொடுத்துத் தைத்துக்கொள்ள முதன்முதலில் வந்தவள் வங்கியில் எழுத்தராக இருந்தாள். அவளுடைய இடத்தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. கடையில் வாங்கும் உடைகள் யாவும் ஒருபக்கமாகச் சரிந்து நின்றன. தோளின் உட்புறம் மெல்லிய பஞ்சு வைத்து நான் தைத்த கவுனை அணிந்து, கண்ணாடிமுன் வெகுநேரம் நின்றாள்.

"டீச்சர், நான் இவ்ளோ நேரா நிப்பேன்னு எனக்கே தெரியாது. இன்னும் ஏழு தைச்சுக் குடுங்க. மாசத்துக்கு ஒண்ணு போதும், அவசரமில்ல."

அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை.

இரண்டாவது கவுனுக்கு அளவெடுத்தபோது இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது. உணவைக் குறைத்தாயா என்று வினவினேன். இல்லை என்றாள். என் கணவரின் கால்சட்டைகளை நான்கு முறை நான்தான் பிடித்துத் தைத்தேன். ஐந்தாம் முறை தேவைப்படவில்லை. ஆதலால் அது இன்னதென்று நான் அறிவேன்.

நோட்டில் பழைய அளவையே எழுதினேன். துணியைப் புதிய அளவுக்கு வெட்டினேன். பொத்தான்களை உறுதிப்படுத்தித் தருவதாகச் சொல்லி முதல் கவுனையும் வாங்கி, பக்கத் தையலைப் பிரித்து, இருபுறமும் பிடித்துத் தைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மாதந்தோறும் இவ்வாறே செய்துவந்தேன். தாங்களே எண்ணிப்பாருங்கள்: நோயாளியாகிவிட்ட ஒருத்திக்குப் புதுக் கவுன் எதற்கு? மேலும் அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அதனைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் மாதம் அவளுடைய அக்காவும் உடன் வந்தாள்.

"ஏண்டி, கண்ணாடியில மூஞ்சியப் பாக்கறதே இல்லையா? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். மரியாதையா வந்துடு."

"உனக்குத்தான் கண்ணு போச்சுக்கா. மொத மாசம் தைச்ச கவுன் இது, எவ்ளோ கச்சிதமா நிக்குது பாரு. இளைச்சிருந்தா தொளதொளன்னு தொங்காதா? வேணும்னா டீச்சரையே கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவளுடைய இடுப்பைச் சுற்றியிருந்த டேப் இருபத்தேழு காட்டியது. அந்த எண்ணின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.

"அதே முப்பத்துநாலுதாம்மா."

"கேட்டியா? சும்மா சும்மா என்னச் சாகடிக்காத" என்று தங்கை சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டாள். வாசற்படியில் நின்றபடியே தொலைபேசியில் அழைத்து, நாளை வரவில்லை என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டாள்.

ஏழாம் கவுனை மருத்துவமனைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அணிந்துபார்க்க அவளால் எழ இயலவில்லை. இரண்டு மாதங்கள் முன்னரே அழைத்துவந்திருந்தால் பிழைக்கவைத்திருக்கலாம் என்று மருத்துவர் கூறினாராம். எட்டாவதற்குப் பொத்தான் வைத்த அன்று அவள் இறந்தாள்.

நேற்று அக்கா வந்தாள். எட்டாவது கவுனைத் தன் அளவுக்கு மாற்றித் தரவேண்டுமாம். தங்கையின் நினைவாகத் தானே உடுத்திக்கொள்வாளாம்.

"அன்னைக்கே கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும் டீச்சர். அக்கான்னு ஒருத்தி இருந்தும் கவுனப் பாத்து ஏமாந்து நின்னேன். நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி, "அன்னைக்கு நிஜமாவே அளவு குறையலையா டீச்சர்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அழுகை மிகுந்ததால் பதிலுக்கு நில்லாமல் போய்விட்டாள்.

நாளை கவுனை வாங்க வருவாள், மறுபடியும் கேட்பாள். உண்மையைச் சொன்னால் பாவம், அவள் மனம் தாங்காது. குறையவில்லை என்றே சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன்.