கை பழுத்த சந்தோஷம்

அறுபதுகளில் ஒரு காலை. எங்கள் தீவில், ஷாதிபூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் சின்ன மகளோடு உட்கார்ந்திருந்த பெண், ஜன்னலோரம் இருந்தவளிடம் பூரிப்பாகச் சொன்னாள்:

“என் பொண்ணுக்குக் கை நல்லா பழுத்துடுச்சுக்கா.”

“பழுத்ததுக்கா சிரிக்கிற?”

“அம்மைத் தடுப்பூசி குத்தின இடம்க்கா. மலேரியா வந்து கம்ஜோரா, தெம்பில்லாம இருந்தா. ரெண்டு தரம் குத்தியும் பிடிக்கல. உடம்பு தேறட்டும், மறுபடி குத்தலாம்னாரு டாக்டர். மெயின்லேண்டுல எங்க ஊர்ல அம்மை போட்டிருக்காம். பிடிக்காம எப்படிக் கப்பல் ஏத்துறது? பயந்தே போனேன். மூணாந்தரம் குத்தினதுதான் இப்பப் பிடிச்சுப் பழுத்திருக்கு.”

சிறுமி சட்டைக் கையைத் தூக்கிக் கொப்புளத்தைக் காட்டினாள்.

“அச்சா, நல்ல கொப்புளம்தான்” என்ற அக்கா, எழுந்து ஜன்னலோரத்தைச் சிறுமிக்குக் கொடுத்தாள். “இங்க உக்காரு. யாரும் இடிக்க மாட்டாங்க.”

மின்னி பே ஸ்டாப் வரும்வரை, சாலையில் போனவர்களுக்கெல்லாம் அவள் கையைக் காட்டிக்கொண்டே வந்தாள்.