நாற்பத்தொன்றாவது பதிவு

கம்ப்யூட்டரை யாரும் துடைப்பதில்லை, பிரிஸில்லா. டிவியைத் துடைப்பார்கள், பீரோவைத் துடைப்பார்கள், இதை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். முப்பது வருடமாகப் பழுது பார்க்கிறேன். திறந்தால் பல்லி முட்டை இருக்கும், எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தூசி கிடையாது. உன் அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்.

நீ போனில் இரண்டு கேள்வி கேட்டாய். உன் தம்பி எஸ்றா பாடி வைத்ததில் எத்தனை திரும்பக் கிடைத்தது, எப்போது கிடைத்தது. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். தச்சநல்லூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆவுடைநாயகம் ஆகிய நான், யாரும் கட்டாயப்படுத்தாமல், நல்ல நினைவோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு உன் அம்மா, எங்களுக்கெல்லாம் டீச்சர், ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் அந்தக் கம்ப்யூட்டர், உறையோடு. எஸ்றா அதை என்னிடம்தான் வாங்கியிருந்தான். அவன் நான்குவழிச் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, எம் பிள்ளைய நானே அழிச்சிட்டேன்."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்.

"நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்து அவன் பாட்டக் கேப்போமேன்னு உக்காந்தேன். சுத்தம் செய்யவான்னு ஒரு கட்டம் வந்துச்சு. சுத்தம் நல்லதுதானன்னு சரின்னு அமுக்குனேன். பெறவு பாத்தா பாட்டு ஒண்ணையும் காணும். நிப்பாட்டிப் போட்டா நீலமாப் போச்சு. கோயில் கொயர்ல பாடுத பிள்ளைகள்ட்ட எல்லாம் கேட்டுட்டேன். போன்ல எடம் இல்லன்னு அழிச்சிட்டோம் டீச்சர்ங்காங்க. இதுலதான் அவன் சத்தம் இருந்துச்சு."

"வச்சிட்டுப் போங்க டீச்சர். பாப்போம்" என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது இது.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். அந்தமாதிரி சுத்தம் செய்யும் புரோகிராம்கள் குப்பையோடு வேண்டியதையும் வாரிக்கொண்டு போய்விடும். போகிற போக்கில் கம்ப்யூட்டருக்கு உயிரானதையும் பிடுங்கிவிடும், அப்போது திரை நீலமாகிவிடும். ஆனால் அழித்த பாட்டு உடனே அழிந்துவிடாது. பெயர் மட்டும்தான் போகும். அதன் மேல் வேறு எதையும் எழுதாதவரை அது அந்த இடத்திலேயே கிடக்கும். நீலமானபிறகு டீச்சர் பயத்தில் மறுபடி போட்டுப் பார்க்காமல் கொண்டுவந்தது பெரிய புண்ணியம். டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டித் தேடவிட்டேன். அன்று மாலை நாலு மணிக்குள் அவன் பதிவுகள் நாற்பத்தொன்றும் வந்துவிட்டன. மறுநாள் கம்ப்யூட்டரும் சரியாகிவிட்டது.

உன் இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான். அம்மா உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

கொடுக்கத்தான் நினைத்தேன். சனிக்கிழமை டீச்சர் வந்தபோது நாற்பத்தொன்றும் ஒரு பென்டிரைவில் மேஜைமேல் இருந்தது. சரியாக ஓடுகிறதா என்று காட்ட ஒன்றைப் போட்டேன். எஸ்றாவின் குரல் வந்தது. ஆனால் பாட்டு பாட்டாக இல்லை. ஒரே இடத்தில் நிற்கிறது, திடீரென்று ஏறுகிறது, மறுபடி நிற்கிறது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"டீச்சர், பாட்டு கெட்டுப்போச்சு போல. ராகமே இல்லியே" என்றேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "கெடல அண்ணாச்சி. இது டெனர். நாங்க நாலு குரலாப் பிரிச்சுப் பாடுவோம். மேல் குரலு பாடுத எங்களுக்குத்தான் ராகம் வரும். ஆம்பளப் பிள்ளைகளுக்கு இது. தனியாக் கேட்டா அந்தரத்துல தொங்குத மாதிரிதான் இருக்கும். பழகுததுக்குப் பாடி வச்சிருக்கான். மறுபடி போடுங்க, நான் மேல பாடுதேன்."

போட்டேன். டீச்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பாடினார். அவன் நின்ற இடத்தில் இவர் நடந்தார். இவர் நின்ற இடத்தில் அவன் ஏறினான். தொங்கிக்கொண்டிருந்தது முழுப் பாட்டாகிவிட்டது. போன பிள்ளையும் இருக்கிற தாயும் என் கடையில் சேர்ந்து பாடினார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடை பீர் முகம்மது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போய் மெஷினை நிறுத்தினார்.

என் மனைவி பிரம்மநாயகி இறந்து அப்போது ஏழு வருடம். என் கடைக்கு வருகிறவர்கள் "இன்னும் ஆகலியா" என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். அங்கே ஒருவர் பாடி நான் கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும் டீச்சர் மேஜைமேல் பார்த்தார். நான் பென்டிரைவை எடுத்து டிராயரில் போட்டேன்.

"ஒண்ணுதான் கெடச்சிருக்கு டீச்சர். மத்தத பையத்தான் தேடணும். கம்ப்யூட்டரும் இங்கன இருக்கட்டும்" என்றேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. தடுமாறாமல் வந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். பாளையங்கோட்டையில் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வரவேண்டும். வாராவாரம் அவர் போனில் ஏற்றிக் கொடுக்கமாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒன்று, சில சமயம் அடுத்தடுத்த வாரம் ஒன்று. அப்படிச் செய்தால்தான் தேடுகிற மாதிரி இருக்கும். "இன்னிக்கு ஒண்ணு அகப்பட்டுருக்கு டீச்சர்" என்று சொல்லும்போது அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். கிடைக்காத வாரம் எஸ்றாவைப் பற்றிப் பேசுவார். சின்ன வயதில் அவன் பெண்களோடு சேர்ந்து ஆல்டோ குரலில் பாடினது, குரல் உடைந்தபோது அழுதது, எல்லாம் எனக்குத் தெரியும். என்னையும் விடமாட்டார். "கடையக் கூட்டி எத்தன நாளாச்சு அண்ணாச்சி? கம்ப்யூட்டருக்குச் சுத்தம் செய்ய என்னென்னமோ வச்சிருக்கீங்க, ஒரு வாரியல் இல்லியாக்கும்" என்பார். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் நான் கூட்டிவைப்பேன்.

பீர் முகம்மதுகூட வெள்ளிக்கிழமையே கேட்பார். "வே, நாளைக்கு அந்த டீச்சரம்மா வாராகளா? சொல்லும், மெஷின நிப்பாட்டிப் போடுதேன்."

நான் ஒரு பைசா வாங்கவில்லை. அதையும் நீ யோசிக்கவேண்டும். நாற்பத்தொன்றையும் ஒரே நாளில் கொடுத்திருந்தால் டீச்சர் ஒரு வாரத்தில் கேட்டு முடித்திருப்பார். பிறகு அந்த வீட்டில் தனியாக என்ன செய்திருப்பார்? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததால் அவருக்கு எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, அம்மா இப்போது தேறிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னாயாம். டீச்சரே சந்தோஷமாக என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை நனைந்துகொண்டே வந்தார். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். போகும்போது குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

"பாட்டெல்லாம் கெடச்ச வரைக்கும் போதும் அண்ணாச்சி. என்னைய அம்மான்னு கூப்ட்ட சத்தம் ஒண்ணு அதுல எங்கயாவது இருக்கான்னு பாருங்க. அது ஒண்ணு போதும். பெறவு ஒங்கள நான் தொந்தரவு பண்ணமாட்டேன்."

இருந்தது. நாற்பத்தொன்றாவது பதிவு. எஸ்றா ஒரு பாட்டைத் தொடங்குகிறான். பாதியில் அடுப்பங்கரையிலிருந்து டீச்சர் குரல், "ஏலே எஸ்றா, சாப்ட வா, ஆறிப்போவுது." அவன் பாட்டை நிறுத்திச் சிரிக்கிறான். "இந்தா வந்துட்டேம்மா. அம்மா, நீங்க கத்துனதும் ரெக்கார்டு ஆயிட்டு." "ஆனா ஆவட்டும்லே, வா." பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். மொத்தம் ஒரு நிமிடம் பத்து விநாடி.

"தேடுதேன் டீச்சர்" என்றேன்.

பந்தியில் பாயசத்தைக் கடைசியில்தானே ஊற்றுகிறோம். அதை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். பிறகு தொந்தரவு பண்ணமாட்டேன் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, அது வேறு விஷயம்.

இந்த வருடம் சித்திரையில் இளைக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறுவார். "வெயில்லா அண்ணாச்சி, ஒத்துக்கல" என்பார். இரண்டு பஸ் மாறி வருகிறார் என்பது எனக்குத் தெரியும். வரவேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தது ஆவணியில். அதற்குள் இருபத்துமூன்று கொடுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னை நீ பார்த்தாய். உனக்கு நன்றாக நினைவிருக்கும், நீதான் நாற்காலி போட்டாய், டீ வாங்கிக்கொடுத்தாய், "நீங்க இல்லன்னா அம்மா என்னைக்கோ போயிருப்பாங்க அங்கிள்" என்றாய். மருந்து வாங்க நீ கீழே போனதும் டீச்சர் என்னைக் கிட்டே வரச்சொன்னார். குரல் மிகவும் தேய்ந்திருந்தது.

"அது கெடச்சுதா அண்ணாச்சி?"

சட்டைப் பையில் என் போன் இருந்தது. போனில் நாற்பத்தொன்றும் இருந்தன. எடுத்துக் காதில் வைத்திருந்தால் ஒரு நிமிடம் பத்து விநாடிதான். ஆனால் நீ நர்ஸ், விவரமானவள், மாடியேறி வந்து எப்போது கிடைத்தது என்று கேட்பாய். நான் பயந்தேன். அதை மறைக்கவில்லை.

"தேடிட்டே இருக்கேன் டீச்சர். கெடச்சிரும்."

தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நான் அங்கன போயி அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? ஏம்மா எஞ் சத்தத்த அழிச்சீங்கன்னு கேப்பாம்லா. தெனமும் ஜெபத்துல மன்னிப்புக் கேக்கேன் அண்ணாச்சி. மனசு ஆற மாட்டேங்குது."

அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். "தெரியாமத்தான அமுக்குனீங்க டீச்சர். அவன் மன்னிச்சிருவான்" என்றேன். அழுகை வந்துவிட்டது, எனக்கு. டீச்சர்தான் என்னைத் தேற்றினார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இனி சொல்லப்போவதை நீ கேட்கவில்லை. எழுத உட்கார்ந்ததால் சொல்கிறேன்.

டீச்சர் அமுக்கியதால் பாட்டு அழியவில்லை. அந்தப் புரோகிராம் தான் செய்த வேலையை நேரத்தோடு எழுதிவைக்கும். ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லாவற்றையும் அழித்து முடித்திருக்கிறது. அந்த நேரம் டீச்சர் கோயிலில் இருந்தார். வீட்டில் ஆள் இல்லை. கோயிலிலிருந்து வந்ததும் கேட்கலாம் என்று எப்போதும்போலக் கம்ப்யூட்டரைப் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து அவர் சரி என்று அமுக்கியது பதினொன்று இருபதுக்கு. அப்போது அழிக்க அதில் ஒன்றுமே மிச்சமில்லை.

மே மாதம் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து அந்தப் புரோகிராமைப் போட்டது நான். ஞாயிறுதோறும் தானாகவே சுத்தம் செய்யும்படி வைத்தது நான். எதை எதை அழிக்கலாம் என்று வரிசையாகக் கட்டங்கள் வரும். மோர் கொடுத்துவிட்டு டீச்சர் பக்கத்தில் நின்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் போடுவேன். நாலு ஞாயிறு அது குப்பையைத்தான் அள்ளியது. பாட்டுகளை வைத்திருந்த இடத்தில் ஒன்றரை வருடமாக யாரும் புதிதாக எதையும் எழுதவில்லை என்று கணக்குப் பண்ணி, ஐந்தாவது ஞாயிறு அள்ளிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை மாலை, பாட்டுகள் கிடைத்த அதே நாலு மணிக்கு, இதையும் நான் பார்த்துவிட்டேன். பதினான்கு மாதம் அறுபது சனிக்கிழமை டீச்சர் என் முன்னால் உட்கார்ந்து நானே அழிச்சிட்டேன் என்று சொன்னார். ஒரு நாளும் நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பழியோடுதான் அவரைப் பெட்டியில் வைத்தீர்கள்.

நான் கெட்டவன் என்று நீ நினைக்கலாம். கொஞ்சம் யோசித்தால் அப்படித் தோன்றாது. அவர் பிள்ளையின் குரலை மீட்டுக் கொடுத்தது யார்? இருபத்துமூன்று தடவை அவரைப் பாடவைத்தது யார்? சில சனிக்கிழமைகளில் இப்போதும் ஒரு பாட்டைப் போட்டு, டீச்சர் பாடிய ராகத்தை நான் பாடிப் பார்க்கிறேன். எனக்கு வரவில்லை. பீர் முகம்மது மெஷினை நிறுத்துவதில்லை.

கம்ப்யூட்டரை நன்றாகத் துடைத்து, பூப்போட்ட உறையோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் இருக்கிறது. புரோகிராம் எழுதிவைத்த நேரப் பட்டியலும் அதில் இருக்கிறது. நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், நான் மறுக்கமாட்டேன். எஸ்றாவின் பதிவுகள் நாற்பதும் இருக்கின்றன.

நாற்பத்தொன்றாவதை அதில் போடவில்லை. உன் அம்மாவும் தம்பியும் பேசிக்கொள்வதை நீ எங்கேயோ நர்ஸ் ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்து கேட்டு அழக்கூடாது. ஒரு சனிக்கிழமை கடைக்கு வா. கடையைக் கூட்டிவைத்திருக்கிறேன்.