நீர்முள்ளி பார்க்க வந்தவர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். குத்தாலம் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள், பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரிடம் சொன்னார்:

“சார், நீங்க எங்க வரப்புல குனிஞ்சு எழுதினதுல எங்க குத்தகை பதிவாயிடுச்சு.”

“நான் நீர்முள்ளியைத்தாம்மா எழுதினேன். செடி பாக்குறது என் பொழுதுபோக்கு.”

“மிராசுதாருக்கு அது தெரியுமா? குத்தகைக்காரங்களக் கணக்கெடுக்க வந்த தாலுகா ஆபீஸ் ஆளு, மறைச்சா மாட்டிக்குவோம்னு பயந்து, அவரே போய் எங்க பேரைப் பதிஞ்சுட்டாரு.”

“ஐயையோ!”

“என் தங்கச்சியத்தான் வயலை விட்டு எறங்கச் சொல்றாங்க. அங்கயும் வந்து ஒருதரம் குனிங்க சார்.”

“அங்க என்ன செடி இருக்கு?”

“என்ன வேணும்னு சொல்லுங்க, ராவோட ராவா நட்டு வெச்சுடுறோம்.”

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள்.

அறுவடை முடிந்து இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். தை மாதம், கடைசி வெள்ளி.