மாடியில் விழுந்த சாம்பல்

எந்த ஜன்னலும் மூட வராத எண்ணூர் பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“மாடியில சாக்குல வெச்ச உருளக்கெழங்கு கோலிகுண்டு சைஸுக்கு மேல வளரலக்கா. இலையெல்லாம் கருகிப் போச்சு.”

“வெயிலுக்கு அப்டித்தான் ஆவும். உரம் இன்னா போட்ட?”

“சாம்பல்தான். செடிக்கு நல்லதாமே.”

“அது அடுப்புச் சாம்பல். உன் வூட்ல கேஸ் அடுப்புதானே கீது?”

“மாடியில தெனிக்கும் வந்து வுழுதே, அத்தப் பெருக்கிப் போட்டேன்.”

“அய்ய, அது கம்பெனிப் பொகையில வர்ற கலீஜுடி! செடி எப்டிப் பொழைக்கும்? சாக்க மொதல்ல வேற எடத்துக்கு மாத்து.”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“சாக்க மாத்தலாம்க்கா. அதே மாடியில வெளாடிகினு கீற புள்ளைங்கள எங்க மாத்துறது?”