டாக்டர் நர்மதா நெஞ்சோடு அணைத்த குப்பி

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வாளர்களே, மகளைப் பறிகொடுத்து என் எதிரே அமர்ந்திருக்கும் மயிலாத்தாள் அம்மா அவர்களே, வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டும் என் தோழர்களே! பால் சங்கத் தலைவன் சென்னியப்பன் உங்கள் முன் நிற்கிறேன். அஞ்சலி செலுத்த எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பேசித்தான் தீர வேண்டும்.

உடம்பெல்லாம் கழலை வெடித்து நம் மாடுகள் செத்தபோது இங்கே வந்தவர் கால்நடை வைரஸ் ஆய்வாளர் டாக்டர் நர்மதா அம்மையார். மாட்டின் செல்களைக் குப்பியில் வளர்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தபடியே, கண்ணாடி ஊசியால் ஒரேயொரு செல்லுக்கு மட்டும் வைரஸைக் கொடுப்பார். மற்றவை வாடக்கூடாதென்று மாட்டின் உடல் சூட்டிலேயே வைத்திருப்பார். விளக்கைக்கூடக் குறைத்துத்தான் எரிப்பார்.

நான் ஒருமுறை கேலி செய்தேன். "ஏனுங்க டாக்டரம்மா, சாகப்போற செல்லுக்கு இத்தன சீராட்டுங்களா?"

"நம்ம கவனிப்பு சரியில்லாம செத்துச்சா, நோவுல செத்துச்சான்னு தெரியோணுமில்லீங்க? அது தெரியாம எப்படீங்க மருந்து கண்டுபுடிக்கறது?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். புரிந்துகொண்டேனா? இல்லை!

நோய் பரவுகிறதென்று சந்தையை மூடினார்கள். "அந்தப் பொம்பளதான் வைரஸ வளத்தி மாட்டுக்கு உடறா" என்று எவனோ கிளப்பிவிட்டான். நாற்பது பேர் தடிகளோடு அவர் ஆய்வகத்துக்குப் போனோம். ஆம், போனோம்! கதவை உடைத்தோம். நுண்ணோக்கியைக் கல்லால் நொறுக்கினோம். ஃபியூஸைப் பிடுங்கியவன் நான்!

மின்சாரம் போனதும் செல்கள் குளிரத் தொடங்கின. அம்மையார் ஓடினாரா? ஓடவில்லை! ஒரு குப்பியை எடுத்து, வெள்ளைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தன் உடம்புச் சூட்டில் அதைக் காப்பாற்றப் பார்த்தார். "வெசத்த ஒளிக்கறாடா!" என்று ஒரு குரல் கத்தியது. மாடு ஓட்டும் தடி அவர் தலையில் இறங்கியது. ஒன்றல்ல, மூன்று அடி! ரத்தம் சுவரில் தெறித்தது. விழுந்த பிறகும் குப்பியை விடவில்லை.

அதில் வைரஸே இல்லை, தோழர்களே! நோய் தொடாத நல்ல செல்கள். உதவியாளர் செல்வப்பிரியா அந்தச் சூடு ஆறுவதற்குள் அதைக் கோயம்புத்தூர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றும் அவை அங்கே பெருகிக்கொண்டிருக்கின்றன.

நாம் வாய் திறக்காததால் வழக்கில் 'அடையாளம் தெரியாத கும்பல்' என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்கு அடையாளம் தெரியாது? உங்களுக்கா? எனக்கா? மூன்று வாரமாக ஊரே வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறது. போதும்!

அம்மையாரின் ஆய்வகத்தை என் தோட்டத்திலேயே திரும்பக் கட்டுவோம். நம் சங்கம் அதற்குக் காவல் நிற்கும். ஆனால் கொலைகாரனுக்கு வீட்டில் சோறு போட்டுக்கொண்டு நான் எந்த முகத்தோடு காவல் நிற்பேன்? மயிலாத்தாள் அம்மா, உங்கள் மகளை அடித்துக் கொன்றவன் என் மகன் பிரதீப். இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கதவைச் சாத்துங்கள்!