நல்லம்மா மாமியின் கண்ணும் பின் அக்சிலும்

கையில் பிடித்த கிரீஸைப் போக்கத் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் சீனியும் போதும். சவர்க்காரத்தால் முடியாது. இதை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. அங்கே பௌதிகம் படித்தேன். பட்டத்தோடு கரவெட்டியில் வீட்டில் இருக்கிறேன்.

அண்ணை பிரவீணனிடம் ஒரு லொறி இருக்கிறது. நாலு சில்லும் இழுக்கும். மணலிலும் சேற்றிலும் போகும். தை மாதம் மணற்காட்டில் அதன் பின் அக்சில், பின் சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு, உடைந்தது. அந்த முறை தானாகவேதான் உடைந்தது.

மாற்ற வந்தவர் குருநகரில் கராஜ் வைத்திருக்கும் கனிசியஸ் அண்ணை. உடைந்த துண்டு அக்சில் குழாய்க்குள் ஆழத்தில் சிக்கிக்கொண்டது. பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைத் தடியில் கட்டி, நான்தான் அதை இழுத்தெடுத்தேன். புது அக்சிலைத் தள்ளிப் பொருத்தியதும் நான்தான்.

"பிள்ளை, உனக்கு வாய்ச்ச கை. என்ரை கராஜிலை உப்பிடி ஒருத்தன் இல்லை," என்றார்.

படிப்பு முடிந்த பிறகு என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த வேலை இன்னொரு முறை வந்தால் நல்லது என்று தோன்றியது. வரவில்லை; நல்ல அக்சில். ஆகவே அதைக் கழற்றி எடுத்து, இரும்புவாளால் சிறிய வெட்டு ஒன்று போட்டுத் திரும்பப் பூட்டினேன். மிச்சத்தை உலோகமே பார்த்துக்கொள்ளும்.

வல்லை வெளித் தெருவில், பிரவீணன் ஓட்டிப் போகும்போது உடைந்தது. அண்ணைக்கு முன்பல் இரண்டு மட்டும்தான் போயின.

"உது நல்லம்மான்ரை கண்," என்றார் அம்மா. "முந்தநாள் பொட்டுக்குள்ளாலை வந்து, லொறி வடிவாய் ஓடுது எண்டவள்."

நல்லம்மா மாமி பக்கத்து வீடு. அவர் கிணறு உவர். வேலியில் இருந்த பொட்டால், அந்தச் சின்ன இடைவெளியால், நுழைந்து எங்கள் கிணற்றில் அள்ளுவார். அம்மா லொறிக்குத் தேசிக்காயும் மிளகாயும் கட்டி, பொட்டை முள்ளால் அடைத்துவிட்டார். மாமி இப்போது வாளியோடு தெருக்குழாய்வரை நடக்கிறார். நடப்பது உடம்புக்கு நல்லது.

கனிசியஸ் அண்ணை மறுபடி வந்தார். அவர் பார்க்கமுன் உடைந்த துண்டுகளை அப்புறப்படுத்தினேன். மற்றப்படி மிக நல்ல நாள்.

நேற்று லொறியைக் கண்டதும் மாமி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நீ படிச்சவள். என்ரை கண்ணிலை உண்மையாய் ஏதும் கிடக்கோ?"

கண்ணூறு வெறும் மூடநம்பிக்கை என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். இரும்பு எப்படி உடைகிறது என்பதை மண்ணில் கீறியும் காட்டினேன். மாமி அழுதுவிட்டார்.

"உதைக் கொம்மாட்டை ஒருக்கால் சொல்லன், ராசாத்தி."

அம்மாவிடம் சொல்லியிருப்பேன். மாமியில் எனக்கு அவ்வளவு இரக்கம். ஆனால் பெரியவர்களோடு வாதாடுவது என் சுபாவம் இல்லை. புது அக்சிலையும் அப்போதுதான் பாதி அறுத்திருந்தேன்.