கத்திமுனை அளவு ஓட்டை

யசிந்தா: ...அதுதான் சொல்லுறன் அண்ணை. காஸை அடிச்சு விட்டிட்டுப் போங்கோ. கிண்டிக் கிளறாதேங்கோ.

அடைக்கலநாதன்: வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி இல்லை. அதுக்குள்ளை போகச் சொல்லுறாய்.

யசிந்தா: தேத்தண்ணி தாறன். குடிச்சுக்கொண்டே காஸ் அடிக்கலாம்தானே?

அடைக்கலநாதன்: பிறீசருக்குள்ளை கிடந்த மீனெல்லாம் எங்கை?

யசிந்தா: தப்பின மீனைப் பக்கத்து மீன்வாடியிலை ஐஸ் போட்டு வச்சிருக்கு. இண்டைக்கு மட்டும்தான் இடம் தருவினம். நாளைக்கு விடிய இவர் றாலோடை கரைக்கு வந்திடுவார். அதுக்கு முன்னம் இது குளிரவேணும்.

அடைக்கலநாதன்: பிறீசர் பழுதெண்டு உன்ரை மனிசன் றெஜிக்குத் தெரியுமோ?

யசிந்தா: தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அடைக்கலநாதன்: ஏன்?

யசிந்தா: ஏனெண்டால்... கடலிலை நிக்கிற மனிசனுக்கு ஏன் கரைச்சல்?

அடைக்கலநாதன்: சுபாஸைக் கூப்பிட்டுக் காஸ் அடிச்சனீயாம்.

யசிந்தா: அதை உங்களுக்கு ஆர் சொன்னது?

அடைக்கலநாதன்: கோயிலடியிலை கதைச்சவை.

யசிந்தா: கோயிலடியிலை என்ரை பிறீசரைப் பற்றிக் கதைக்கினமோ! குருநகர்ச் சனம் பூசைக்குப் போகுதோ, புதினம் கேக்கப் போகுதோ...

அடைக்கலநாதன்: கூடப்பிறந்தவன் ஒருத்தன் உதே வேலை செய்யிறான். அவனை விட்டிட்டுச் சுபாஸைக் கூப்பிட்டிருக்கிறாய்.

யசிந்தா: நீங்கள் பெரிய ஏசி திருத்துற ஆள். வங்கியும் ஹோட்டலுமாத் திரியிறனீங்கள். என்ரை பழைய பெட்டிக்கு ஏன் உங்களை மினக்கெடுத்துவான்?

அடைக்கலநாதன்: உது கதை. சரி, சுபாஸ் அடிச்ச காஸ் எவ்வளவு நாள் நிண்டது?

யசிந்தா: வெள்ளிக்கிழமை அடிச்சவன். ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து திறந்தால், மீன் நாறிக்கொண்டு கிடக்கு.

அடைக்கலநாதன்: அப்ப காஸ் எங்கை போனது?

யசிந்தா: போனது போனதுதானே.

அடைக்கலநாதன்: எங்கை எண்டு கேக்கிறன்.

யசிந்தா: மேலை! வானத்துக்கு! அண்ணை, எனக்கு உந்தப் பாடம் வேண்டாம். வீட்டிலை ஒருத்தி போன கிழமை முழுக்க அதைத்தான் பாடமாக்கிக்கொண்டு திரிஞ்சவள்.

அடைக்கலநாதன்: உன்ரை மகள் ஜெசிதாவோ?

யசிந்தா: வேறை ஆர்? "ஓசோன் படை தேய்வதற்கான காரணங்கள் மூன்று தருக." அவள் கத்திக் கத்தி, குசினிக்குள்ளை நிண்ட எனக்கே பாடம். பழைய குளிர்ப்பெட்டியளின்ரை காஸ், ஸ்பிறே ரின், நெருப்பணைக்கிற சிலிண்டர்.

அடைக்கலநாதன்: விளைவுகள்?

யசிந்தா: சூரியன்ரை புறஊதாக்கதிர் தடையில்லாமல் இறங்கும். தோலிலை புற்றுநோய் வரும், கண்ணிலை படலம் வரும், பயிர் வாடும், கடலிலை மீன்குஞ்சு தின்னுற பாசி குறையும். எத்தினை புள்ளி?

அடைக்கலநாதன்: முழுப்புள்ளி. தடுக்கிற வழி?

யசிந்தா: அண்ணன்மார் தங்கச்சிமாரைச் சோதிக்காமல் பெட்டியைத் திருத்துறது.

அடைக்கலநாதன்: அதைத்தான் செய்யப்போறன். காஸ் அடிக்கிறது திருத்துற வேலை இல்லை யசிந்தா. ஓட்டை வாளிக்குத் தண்ணி அள்ளுறது. இது பழைய பெட்டி, இதுக்குள்ளை ஓடுறது அந்தப் பொல்லாத காஸ்தான். அடிச்சால் ரெண்டு நாளையிலை மேலை போயிடும். பேந்தும் அடிப்பாய். பேந்தும் போகும்.

யசிந்தா: யாழ்ப்பாணம் முழுக்க உப்பிடித்தான் அடிக்கினம். வருசத்துக்கு ஒருக்கா, வாகனத்துக்கு எண்ணெய் விடுற மாதிரி. என்ரை ஒரு பெட்டியாலையோ வானம் கிழியப்போகுது?

அடைக்கலநாதன்: ஒவ்வொரு வீட்டிலையும் உதைத்தான் சொல்லுகினம். காஸ் முடியிறேல்லை, தெரியுமோ? மூடின குழாய்க்குள்ளை சுத்திக்கொண்டே இருக்கும். குறைஞ்சால் எங்கையோ ஓட்டை. அதைக் கண்டுபிடிச்சு அடைக்கவேணும். கொஞ்சம் சவுக்காரம் கரைச்சுக்கொண்டு வா.

யசிந்தா: கண்டுபிடிக்கத்தான் வேணுமோ?

அடைக்கலநாதன்: கண்டுபிடிக்காமல் என்னெண்டு அடைக்கிறது? ஏன் முகம் உப்பிடிப் போகுது?

யசிந்தா: முகம் ஒண்டும் போகேல்லை. நேரம் போகுது. அப்புவின்ரை ஊசிமருந்தும் எல்லே இருக்கு...

அடைக்கலநாதன்: நீக்கிலாப்பிள்ளை அப்புவோ?

யசிந்தா: ஓம். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுறவர். தனிச்ச மனிசன், வீட்டிலை பிறிஜ் இல்லை. நான் குடுக்கிற ஐஸ் போத்தலைத் துணியிலை சுத்தி, பக்கத்திலைதான் மருந்தை வச்சிருக்கிறவர். இந்த வெக்கைக்கு ஐஸ் இல்லாட்டில் மருந்து கெட்டுப்போகும்.

அடைக்கலநாதன்: இப்ப என்ன செய்யிறார்?

யசிந்தா: கடையிலை ஐஸ் வாங்கி ஜெசிதாட்டைக் குடுத்துவிட்டனான். வேண்டாமெண்டு திருப்பி அனுப்பிப்போட்டார். ஆளும் இந்தப் பக்கம் வாறேல்லை.

அடைக்கலநாதன்: ஏனாம்?

யசிந்தா: எனக்கென்ன தெரியும்? வயசு போன ஆக்கள்... ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு குணம்.

அடைக்கலநாதன்: ம்.

யசிந்தா: என்ன "ம்"? அண்ணை, உங்களுக்குச் சொல்லுறதுக்கு என்ன. இவருக்கு அப்பு வந்து போறது ஏற்கெனவே பிடிக்கேல்லை. "ஊர் முழுக்க வந்து பெட்டியைத் திறந்து மூடினால் பெட்டி என்னத்துக்கு ஆகும்" எண்டு முணுமுணுக்கிறவர். பழுதெண்டு அறிஞ்சால், அதைச் சாட்டி ஐஸ் போத்தலை நிப்பாட்டிப்போடுவார். அதுதான் கெதியா முடியுங்கோ எண்டு நிக்கிறன்.

அடைக்கலநாதன்: முடிப்பம். முதல்லை மிச்சமாக் கிடக்கிற காஸை இந்தச் சிலிண்டருக்குள்ளை இழுத்தெடுக்கிறன்.

யசிந்தா: கொஞ்சம்தானே கிடக்கும். திறந்து விட்டால் சரிதானே. சுபாஸ் உஸ்ஸெண்டு திறந்து விட்டவன்.

அடைக்கலநாதன்: கொஞ்சமெண்டாலும் பிடிக்கவேணும். நானும் முந்தி உஸ்ஸெண்டு விட்ட ஆள்தான். பயிற்சியிலை படிப்பிச்சாங்கள், அந்தப் பழக்கத்தை விட்டிட்டன்... இந்தா, மெசின் போட்டாச்சு. இனி நைதரசனை உள்ளுக்கு அடிக்கிறன். பயப்பிடாதை, அது நாங்கள் மூச்சு விடுற காத்திலையே கிடக்கிறது. ஓட்டையடியிலை சவுக்கார நுரை முட்டை முட்டையா வரும். நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம்.

யசிந்தா: இஞ்சை ஒண்டும் இல்லை.

அடைக்கலநாதன்: நல்லாப் பார். மூலையிலை?

யசிந்தா: இல்லை எண்டுறன்.

அடைக்கலநாதன்: அப்ப உது என்ன, பொங்கிக்கொண்டு வருகுது?

யசிந்தா: அது... என்ரை கை பட்டது.

அடைக்கலநாதன்: கையை எடு. பிறகும் வருகுதே. இந்தா, குழாயிலை கீறல். கூரான ஏதோ குத்தினது.

யசிந்தா: எலி கடிச்சிருக்கும்.

அடைக்கலநாதன்: செப்புக் குழாய் கடிக்கிற எலி குருநகரிலைதான் இருக்கு! குளிருக்குக் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினதோ?

யசிந்தா: சிரிக்காதேங்கோ.

அடைக்கலநாதன்: மீன் வெட்டுற கத்தி. உறைஞ்சு ஒட்டின எதையோ கிளப்ப ஐஸைக் கொத்தியிருக்கு.

யசிந்தா: சரி... நான்தான் கொத்தினன்.

அடைக்கலநாதன்: நீயோ? இவ்வளவு காலமா இந்தப் பெட்டியோடை கிடக்கிறவள், குழாய் எங்கை ஓடுதெண்டு தெரியாதோ?

யசிந்தா: கண் கொஞ்சம் மங்கல்.

அடைக்கலநாதன்: உனக்கோ? நேற்று ரோட்டுக்கு அங்காலை நிண்ட என்ரை சேட்டிலை பொத்தான் இல்லை எண்டு சொல்லிச் சிரிச்சனீ.

யசிந்தா: ஆர் கொத்தினால் என்ன அண்ணை? ஓட்டை கிடக்கு, அடையுங்கோ!

அடைக்கலநாதன்: ஆர் எண்டு நான் கேட்டனானோ?

யசிந்தா: வாய் கேக்கேல்லை. முகம் கேக்குது.

அடைக்கலநாதன்: அந்தத் துணியை எடு. தள்ளி நில், குழாயை ஒட்ட நெருப்புப் பத்தவைக்கப்போறன்... என்ன யோசினை?

யசிந்தா: இல்லை... அந்த வானத்து ஓட்டையை ஆர் போட்டது? ஜெசிதாவின்ரை பாடத்திலை அதைக் கேக்கேல்லை.

அடைக்கலநாதன்: ஆரும் வேணுமெண்டு போடேல்லை. அதுக்கு முந்தின காஸுகள் நஞ்சு. வீட்டுக்குள்ளை கசிஞ்சால் ஆள் முடிஞ்சுது. அதுக்காகத்தான் இதைக் கண்டுபிடிச்சவை. மணக்காது, பத்தாது, ஆளைக் கொல்லாது. நன்மை எண்டு நினைச்சுத்தான் செய்தவை. மேலை போய் என்ன செய்யுமெண்டு அப்ப கண் தெரியேல்லை.

யசிந்தா: கண் தெரியாமல் செய்தது குற்றமோ அண்ணை?

அடைக்கலநாதன்: ...தெரிஞ்ச பிறகும் விடாமல் செய்தால் குற்றம். தெரிஞ்சோடனை நாடுகள் எல்லாம் கூடி இருந்து, இனி உந்தக் காஸுகளைப் படிப்படியா நிப்பாட்டுவம் எண்டு கையெழுத்து வச்சவை. இஞ்சை எங்கடை தலைக்கு மேலை ஷெல் பறந்துகொண்டிருந்த காலம்.

யசிந்தா: நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து மேலை பாக்கப் பயந்த நேரம், ஆரோ எங்களுக்கும் சேத்து மேலை பாத்திருக்கினம்.

அடைக்கலநாதன்: ஓம். இப்ப அந்த ஓட்டை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகுதாம். வடிவாச் சரியாக ஜெசிதாவுக்கு நரை வந்திடும். நாங்கள் பாக்கமாட்டம்.

யசிந்தா: பாக்காத ஒண்டுக்கோ உந்தப் பாடு?

அடைக்கலநாதன்: நீ ஐஸ் போத்தல் குடுக்கிறாய். அப்புவின்ரை உடம்புக்குள்ளை சீனி குறையிறதைக் கண்ணாலை பாக்கிறியோ?

யசிந்தா: ...அந்த மனிசன்ரை கண்ணைப் பாத்தனீங்களோ அண்ணை? வெள்ளையிலையிருந்து சதை வளர்ந்து கறுப்பை மூடிக்கொண்டு வருகுது.

அடைக்கலநாதன்: பாத்தனான். அவ்வளவும் கடலுக்குப் போன காலத்து வெயில். மேலை அந்த ஓசோன் குடை விரிஞ்சிருக்கேக்கையே வெயில் இப்பிடிச் செய்யுதெண்டால், குடை ஓட்டையாய்ப் போனால் கடலுக்குப் போற பிள்ளையளின்ரை கதி என்ன? அதுதான் நான் உஸ்ஸெண்டு விடுறேல்லை. றெஜிக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் குடு. விளிம்பு பெருத்த தொப்பியும்.

யசிந்தா: கண்ணாடி போட்டால் தன்னைச் சினிமாக்காரன் எண்டு நினைச்சுப்போடுவார்.

அடைக்கலநாதன்: நினைக்கட்டும். கண் தப்பும்... இந்தா, அடைபட்டிட்டுது. இப்ப சவுக்காரத்தைப் பூசிப் பார்.

யசிந்தா: முட்டை வரேல்லை. உண்மையாவே வரேல்லை அண்ணை!

அடைக்கலநாதன்: இந்த முறை நம்புறன். காத்தை இழுத்துப்போட்டு, அளவாக் காஸ் விடுறன். பின்னேரத்துக்குள்ளை குளிரும்.

நீக்கிலாப்பிள்ளை: பிள்ளை... யசிந்தா பிள்ளை... உள்ளுக்கு வரலாமோ?

யசிந்தா: அப்பு! வாங்கோ, வாங்கோ. பாத்து, படி கிடக்கு. ஏன் ஐஸைத் திருப்பி அனுப்பினனீங்கள்? மருந்தை எங்கை வச்சிருக்கிறியள்?

நீக்கிலாப்பிள்ளை: ஈரமணல் சட்டிக்குள்ளை வச்சிருக்கிறன் பிள்ளை. நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான்...

யசிந்தா: அதெல்லாம் பேந்து சொல்லலாம். பிறீசர் திருத்தியாச்சு. பழசுதானே, குழாய் தன்ரை பாட்டிலை இத்துப்போச்சு. என்ன அண்ணை?

அடைக்கலநாதன்: ஓமோம். இத்துப்போன குழாய்.

நீக்கிலாப்பிள்ளை: இத்துப்போன குழாயோ? அடைக்கலம், காலமை கோயில் வாசலிலை உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நான் அழுதது என்னத்துக்கு மோனை?

யசிந்தா: அண்ணை! அப்ப உங்களுக்கு முதலே தெரியும்!

அடைக்கலநாதன்: நீ மட்டும்? செப்புக் குழாய் கடிக்கிற எலி எங்கையிருந்து வந்தது?

நீக்கிலாப்பிள்ளை: நான்தான் பிள்ளை. நீ எனக்கெண்டு வச்ச போத்தல் ஐஸோடை ஒட்டிப்போச்சு. கத்தியாலை கொத்தினன். உஸ்ஸெண்டு ஒரு சத்தம் கேட்டது. சொல்ல வாய் வரேல்லை, ஓடிப்போட்டன். பெட்டியைக் கெடுத்தவனுக்கு ஐஸ் என்னத்துக்கு எண்டுதான் திருப்பி அனுப்பினன். நாளைக்கு விடிய கரையிலை நிண்டு றெஜித் தம்பிக்கும் சொல்லப்போறன். கண் தெரியாத கிழவன் கொத்திப்போட்டான், இனி உன்ரை படலைக்கு வரமாட்டான் எண்டு.

அடைக்கலநாதன்: முன்பாதியைச் சொல்லுங்கோ அப்பு. பின்பாதி வேண்டாம். நானும் கூட வாறன். கண்ணாஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போவன்.

நீக்கிலாப்பிள்ளை: நீ சொல்லமாட்டன் எண்டு எனக்கு வாக்குத் தந்தனீ, சொல்லேல்லை. இந்தப் பிள்ளைக்கு என்னெண்டு தெரிஞ்சது?

அடைக்கலநாதன்: சொல்லு யசிந்தா.

யசிந்தா: அண்டைக்கு நான் குசினி யன்னலடியிலை நிண்டனான் அப்பு. நீங்கள் கையாலை தடவித் தடவிப் போத்தலைத் தேடினனீங்கள். அப்பதான் உங்களுக்குக் கண் அவ்வளவு மோசமெண்டு விளங்கினது. கத்தியை எடுக்கவும் கண்டனான். "அப்பு, நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்ல வாய் வந்தது. சொன்னால், நான் பாத்துக்கொண்டு நிண்டது உங்களுக்குத் தெரிஞ்சுபோம், வெக்கப்படுவியள் எண்டு பேசாமல் நிண்டிட்டன்... அந்த ஓட்டையிலை பாதி என்ரைதான், அப்பு.